பெசன்ட் நகரில் இருக்கும் அந்த ‘பெசன்ட்’ யார்?

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சில இடங்கள் சுருக்கப்பட்டுள்ளன.)

ஊரூர் ஒல்காட் குப்பத்திலிருந்து பேசுறேன். இந்த வாரக் கேள்வி ரொம்பச் சின்னது. பெசன்ட் நகர்னு ஒரு நாளைக்கு எத்தனை தடவை சொல்றோம்? ஆட்டோவுக்கு, ஸ்விக்கிக்கு, பஸ் கண்டக்டருக்கு. அந்தப் பெசன்ட் யாரு?

அன்னி பெசன்ட் அம்மையார்னு உடனே சொல்வீங்க. சரிதான். பக்கத்துல இருக்கிற தியசாபிகல் சொசைட்டியின் தலைவர், ஹோம் ரூல் இயக்கம் நடத்தியவர், 1917-இல் காங்கிரஸ் தலைவர். எங்க குப்பத்தின் பெயரில் இருக்கிற ஒல்காட், அந்தச் சங்கத்தை நிறுவியவர்களில் ஒருவரான கர்னல் ஒல்காட். இதெல்லாம் உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்.

ஆனா ‘பெசன்ட்’ அந்த அம்மா பிறந்த வீட்டுப் பெயர் இல்லை. அவர் பிறந்தது அன்னி வுட் ஆக. பெசன்ட் என்பது கணவர் வீட்டுப் பெயர். கணவர் ஃப்ராங்க் பெசன்ட், இங்கிலாந்து திருச்சபையின் பாதிரியார். லிங்கன்ஷயர் மாவட்டத்தில் சிப்சி என்ற கிராமத்தில் சாகும்வரை பங்குகுருவாக இருந்தவர். ஒரு நகரே அவர் பெயரைச் சுமக்கிறது. அவரைப் பற்றி இங்கே யாரும் பேசுவதில்லை.

இன்னைக்கு அவரைப் பற்றியும், அவரை மாதிரி ஆட்களின் வேலையைப் பற்றியும்தான் பேசப்போறோம். பக்தியைப் பற்றி இல்லை, வேலையைப் பற்றி. ஆங்கிலிக்கன் குருமார்களுக்கு வேலை எப்படிக் கிடைச்சது, யார் கொடுத்தாங்க, சம்பளம் எங்கிருந்து வந்தது, வீடு யாருடையது, மனசுல பட்டதைப் பேசினா என்ன ஆச்சு. கடைசிக் கேள்விதான் முக்கியம். அதுக்குப் போக முன்னாடி இருக்கிறதெல்லாம் தெரியணும்.

கதீட்ரல்னா என்ன?

ஜெமினி மேம்பாலத்துக்குப் பக்கத்துல இருக்கிற கதீட்ரல் ரோட்டில் தினமும் ஆயிரக்கணக்கான பேர் போறோம். அந்தப் பெயருக்குக் காரணம் புனித ஜார்ஜ் பேராலயம். வெள்ளைத் தூண்கள், உயரமான கூர்க்கோபுரம், சுற்றி மரங்கள்.

‘கதீட்ரா’ என்றால் நாற்காலி. பேராயரின், அதாவது பிஷப்பின் அதிகார நாற்காலி இருக்கும் கோயில் எதுவோ அதுதான் கதீட்ரல். கோயில் பெரிசா சின்னதா என்பது பொருட்டே இல்லை. நாற்காலி இருக்கா, அவ்வளவுதான்.

இங்கிலாந்து திருச்சபை 1534-இல் எட்டாம் ஹென்றி காலத்தில் போப்பின் அதிகாரத்திலிருந்து பிரிந்தது. ராஜாவே அதன் தலைவர் ஆனார். இன்றைக்கும் பேராயர்களைக் கடைசியில் நியமிப்பது மன்னர்தான். ஆக அது ஒரு மதம் மட்டுமில்லை, ஓர் அரசாங்கத் துறை மாதிரியும் இருந்தது. அதுக்குள்ள ஏணிப்படி உண்டு. முதல் படி கியூரேட், அதாவது உதவி குரு. அடுத்து விகார் அல்லது ரெக்டர், ஒரு பங்கின் பொறுப்புக் குரு. அதுக்கு மேல ஆர்ச்டீக்கன், அப்புறம் பிஷப்.

இந்த ஏணிக்குப் பக்கத்துல இன்னொரு ஏணி சாத்தி வச்சிருக்கும். அதுதான் கதீட்ரல் ஏணி. நாற்காலி பிஷப்புடையது என்றாலும் கதீட்ரலை நடத்துவது அவர் இல்லை. அங்கே டீன் என்று ஒருவர் இருப்பார். அவரோடு கேனன் என்ற பட்டமுள்ள சில மூத்த குருமார்கள். ஒருவர் பாட்டையும் ஆராதனையையும் பார்ப்பார், ஒருவர் படிப்பையும் பிரசங்கத்தையும் பார்ப்பார், ஒருவர் சொத்தைப் பார்ப்பார். எல்லோரும் சேர்ந்த குழுவுக்குச் சாப்டர் என்று பெயர். தினமும் மாலை ஆராதனையில் பாடகர் குழு பாடும், கூட்டம் வந்தாலும் வராவிட்டாலும்.

கதீட்ரலைச் சுற்றி அவர்கள் வீடுகள் இருக்கும். அந்த வளாகத்துக்கு ‘க்ளோஸ்’ என்று பெயர். மயிலாப்பூர்க்காரங்களுக்கு இது சுலபமாப் புரியும். கபாலி கோயிலைச் சுற்றி மாட வீதிகள் இருக்கிற மாதிரி. கோயில் வேலைக்காரங்க கோயிலைச் சுற்றியே குடியிருப்பது நமக்கு ஒண்ணும் புதுசில்லை. பூஜைக்கு ஓர் ஆள், பாடுவதற்கு ஓர் ஆள், கணக்குக்கு ஓர் ஆள் என்று ஒவ்வொரு கைங்கர்யத்துக்கும் ஒரு பதவி இருப்பதும் நமக்குத் தெரிந்ததே.

வேலை எப்படிக் கிடைத்தது?

அந்தக் காலத்து ஆங்கிலத்தில் குருவின் பதவிக்கு ‘லிவிங்’ என்றே பெயர். பிழைப்பு என்று அர்த்தம். எவ்வளவு வெளிப்படையான வார்த்தை பாருங்க! வீடு உண்டு, நிலம் உண்டு, தசமபாக வருமானம் உண்டு. அந்தப் பதவியில் ஒருவரை உட்கார வைக்கும் உரிமை பல இடங்களில் ஊர்ப் பெரிய நிலச்சுவான்தார் கையில் இருந்தது. சில இடங்களில் கல்லூரிகள் கையில், சில இடங்களில் அரசின் கையில். அந்த உரிமையே ஒரு சொத்து. அதை விற்கலாம், வாங்கலாம்.

ஃப்ராங்க் பெசன்ட் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்த குரு. 1867 டிசம்பரில் கல்யாணம். அன்னிக்கு 20 வயது. செல்டன்ஹாமில் குடித்தனம். இரண்டு குழந்தைகள், டிக்பி, மேபல். 1872-இல் அவருக்குச் சிப்சி கிராமத்தின் பதவி கிடைத்தது. எப்படி? அன்னியின் அப்பா வழி உறவினர் ஹாதர்லி பிரபு அப்போது லார்ட் சான்ஸலர். அரசின் கையில் இருந்த எத்தனையோ பங்குகளுக்கு ஆள் போடும் அதிகாரம் அந்தப் பதவிக்கு உண்டு. நல்ல பெரிய வீடு, வருஷத்துக்கு சுமார் 400 பவுண்டு வருமானம். மனைவி வீட்டுச் சொந்தத்தில் வந்த வேலை.

இதே அடையாற்றுக்கு வந்த இன்னொருத்தர் கதையும் அப்படித்தான். சார்லஸ் லெட்பீட்டர். இந்தக் கடற்கரையில்தான் 1909-இல் சிறுவன் ஜே.கிருஷ்ணமூர்த்தியைப் பார்த்து, உலக குருவாக வரப்போகிறவன் என்று சொன்னவர். அதற்கு மூன்று வருஷம் முன்னால், சிறுவர்களை நடத்திய விதம் பற்றிய குற்றச்சாட்டுகளால் சங்கத்தை விட்டு விலகவேண்டி வந்தவர் என்பதையும் சேர்த்தே சொல்லணும். தொடக்கத்தில் அவர் ஹாம்ப்ஷயரில் ஒரு கியூரேட். அந்தப் பங்கின் ரெக்டர் அவருடைய மாமா முறை.

‘ரெகமண்டேஷன்’ நம்ம ஊர் நோய் மட்டும் இல்லை என்பதற்காக இதைச் சொல்லலை. இன்னொரு விஷயத்துக்காகச் சொல்றேன். பங்குகுரு பதவியில் ஒருமுறை உட்கார்ந்துவிட்டால் யாரும் எழுப்ப முடியாது. அதை ‘ஃப்ரீஹோல்ட்’ என்பார்கள். பெரிய குற்றம் ஏதாவது செய்தால் ஒழிய சாகும்வரை பதவியும் வீடும் அவருடையதே. பிஷப்புக்கே பிடிக்காவிட்டாலும் நீக்குவது கஷ்டம். கதீட்ரல் கேனன்களுக்கும் டீன்களுக்கும்கூட அப்படித்தான். இப்படி ஒரு பாதுகாப்பு இருக்கிறவர் துணிஞ்சு பேசுவார்னு நாம நினைப்போம் இல்லையா? அன்னியின் வாழ்க்கையில் வந்த மூன்று குருமார்களை வைத்து அதைச் சோதிச்சுப் பார்ப்போம்.

மூன்று குருமார்கள்

1871-இல் கைக்குழந்தை மேபலுக்குக் கக்குவான் இருமல். பிழைக்குமா என்று தெரியாத நிலை. குழந்தை பிழைத்தது. அம்மாவின் நம்பிக்கை பிழைக்கவில்லை. இப்படி ஒரு குழந்தையை வதைக்கிற கடவுள் எப்படி நல்லவராக இருக்க முடியும் என்று கேட்க ஆரம்பித்தார். சாதாரணப் பெண் கேட்டால் அது சந்தேகம். குருவின் மனைவி கேட்டால் அது கணவர் வேலைக்கே ஆபத்து.

பதில் தேடி ஆக்ஸ்ஃபோர்டுக்குப் போனார். அங்கே இருந்தவர் டாக்டர் பியூஸி, கிறிஸ்ட் சர்ச் கதீட்ரலின் கேனன். 1828-இல் எபிரேய மொழிப் பேராசிரியர் ஆனபோது கூடவே கிடைத்த பதவி அது. 1882-இல் சாகும்வரை, 54 வருஷம், அதிலேயே இருந்தார். நடுவில் 1843-இல் அவருடைய ஒரு பிரசங்கம் பிடிக்காமல் பல்கலைக்கழகம் இரண்டு வருஷம் பிரசங்கத் தடை விதித்தது. பதவி போகவில்லை, வீடும் போகவில்லை. கருத்து சொன்னதற்காகத் தண்டனை என்றால் என்ன என்று நேரடியாகத் தெரிந்தவர். அவர் அன்னிக்குச் சொன்ன ஆலோசனை என்ன? நீ ஏற்கெனவே அதிகமாகப் படித்துவிட்டாய், இனிமேல் படிக்காதே, ஜெபம் பண்ணு. இதை அன்னியே தன் சுயசரிதையில் எழுதியிருக்கிறார்.

சிப்சிக்குத் திரும்பினார். ஒருநாள் ஆர்கன் வாசித்துப் பழகத் தனியாகக் கோயிலுக்குப் போனவர், உள்பக்கம் கதவைப் பூட்டிக்கொண்டு பிரசங்க பீடத்தில் ஏறினார். காலியான பெஞ்சுகளைப் பார்த்துப் பேசினார். தன் குரலுக்கு ஒரு சக்தி இருக்கிறது என்று அவருக்கு அன்றுதான் தெரிந்தது. பெண்கள் அந்தப் பீடத்தில் ஏறக்கூடாத காலம். பின்னாளில் இந்தியா முழுக்கக் கேட்ட அந்தக் குரலின் முதல் கூட்டத்துக்கு ஆளே வரலை!

அதுக்கப்புறம் அவர் திருவிருந்து எடுக்க மறுத்தார். நம்பாத ஒன்றைச் செய்வது பொய் என்பது அவர் வாதம். குருவின் மனைவி திருவிருந்து நேரத்தில் எழுந்து வெளியே போனால் ஊர் சும்மா இருக்குமா? 1873-இல் முடிவான நிபந்தனை வந்தது: மற்றவர்களைப் போல் திருவிருந்து எடு, இல்லாவிட்டால் வீட்டை விட்டுப் போ. அன்னி போனார். வயது 25. மேபல் அவரோடு, டிக்பி அப்பாவோடு. 1878-இல், குடும்பக் கட்டுப்பாடு பற்றிய ஒரு புத்தகத்தை வெளியிட்டதற்காகவும் நாத்திகர் என்பதற்காகவும் நீதிமன்றம் மேபலையும் அவரிடமிருந்து எடுத்துவிட்டது.

இப்போ கணக்கைப் பாருங்க. அந்த வீடு அன்னியின் சொந்தக்காரர் மூலமாக வந்தது. ஆனால் சட்டப்படி அது கணவரின் பதவிக்கு உரியது. பேசியவருக்கு வீடு, வருமானம், இரண்டு குழந்தைகள் எல்லாம் போச்சு. ஃப்ராங்க் பெசன்ட் சிப்சியில் 1917-இல் சாகும்வரை குருவாகவே இருந்தார். அதே 1917-இல்தான் அன்னியை மெட்ராஸ் அரசாங்கம் காவலில் வைத்தது, அதே வருஷக் கடைசியில் அவர் காங்கிரஸ் தலைவரும் ஆனார்.

மூன்றாவது குரு. 1874. அன்னியின் அம்மா மரணப் படுக்கையில். கடைசியாகத் திருவிருந்து எடுக்க ஆசை, ஆனால் மகளும் கூட எடுத்தால்தான் எடுப்பேன் என்று பிடிவாதம். அன்னி நேர்மையாக, எனக்கு நம்பிக்கை இல்லை, அம்மாவுக்காக எடுக்கிறேன், கொடுப்பீர்களா என்று தெரிந்த இரண்டு குருமார்களிடம் கேட்டார். இரண்டு பேரும் முடியாது என்றார்கள். பிறகு முன்பின் பழக்கமில்லாத ஒருவர் வீட்டுக் கதவைத் தட்டினார். ஆர்தர் ஸ்டான்லி, வெஸ்ட்மின்ஸ்டர் அபேயின் டீன்.

இந்த ஸ்டான்லியின் வாழ்க்கைக் குறிப்பைப் பார்த்தால் கதீட்ரல் ஏணியின் படமே கிடைக்கும். அப்பா நார்விச் பிஷப். இவர் 1851-இல் கேன்டர்பரி கதீட்ரலில் கேனன். பிறகு ஆக்ஸ்ஃபோர்டில் பேராசிரியர். 1864-இல் வெஸ்ட்மின்ஸ்டர் டீன். மனைவி விக்டோரியா ராணியின் அரண்மனையில் இருந்தவர். வெஸ்ட்மின்ஸ்டர் அபே எந்த பிஷப்புக்கும் கட்டுப்பட்டது இல்லை, நேரடியாக அரசியின் கீழ் வருவது. அதாவது இவரைக் கேள்வி கேட்க மேலே பிஷப்பே கிடையாது.

ஸ்டான்லி விஷயத்தைக் கேட்டார். மறுநாள் அந்தச் சாதாரண வீட்டுக்கு வந்தார். இருவருக்கும் திருவிருந்து கொடுத்தார். அன்னி அவரிடம், இவ்வளவு விசாலமான கருத்துகளை வைத்துக்கொண்டு நீங்கள் எப்படி இந்தச் சபைக்குள் இருக்கிறீர்கள் என்று கேட்டாராம். வெளியே போவதைவிட உள்ளே இருந்து அதன் எல்லைகளை அகலப்படுத்துவதுதான் அதிகப் பயன் தரும் என்ற பொருளில் அவர் பதில் சொன்னதாக அன்னி எழுதுகிறார்.

மூன்று பேருக்கும் ஒரே அளவு பாதுகாப்பு. பதவி நிரந்தரம், வீடு நிரந்தரம். ஒருவர் அதைக் கதவைப் பூட்டப் பயன்படுத்தினார். ஒருவர் புத்தகத்தை மூடச் சொன்னார். ஒருவர் வண்டி ஏறி வந்தார். பாதுகாப்பு இருந்தால் மட்டும் தைரியம் வராது என்று இதிலிருந்து தெரியுது. ஆனா தைரியம் இருக்கிறவருக்குப் பாதுகாப்பு கிடைச்சா என்ன செய்ய முடியும்னும் தெரியுது. பாதுகாப்பே இல்லாத அன்னி கொடுத்த விலையைப் பக்கத்துல வைச்சுப் பார்த்தா அந்த வித்தியாசம் உறைக்கும்.

அந்த ஏணி கப்பல் ஏறி வந்தது

இதே ஏணியைக் கிழக்கிந்தியக் கம்பெனி மெட்ராஸுக்குக் கொண்டுவந்தது. கம்பெனி குருக்களுக்கு சாப்ளின் என்று பெயர். அவர்கள் கம்பெனி ஊழியர்கள். வேலை, வெள்ளைக்காரர்களின் ஆன்மாவைக் கவனிப்பது. புனித ஜார்ஜ் கோயில் 1816-இல் பிரதிஷ்டையானபோதும் அது ஐரோப்பியர்களின் கோயில்தான். 1835-இல் மெட்ராஸுக்கு என்று தனிப் பேராயம் வந்தது. முதல் பிஷப் டேனியல் காரி. 1806-இல் சாப்ளினாக இந்தியா வந்தவர், 1823-இல் கல்கத்தாவில் ஆர்ச்டீக்கன், 1835-இல் இங்கே பிஷப். பதவிக்கு வந்து இரண்டே வருஷத்தில், 1837-இல் இறந்துபோனார். பிஷப் காரி பள்ளிக்கூடம் என்ற பெயரில் இன்றும் இருக்கிறார். அவர் வந்த பிறகுதான் புனித ஜார்ஜ் கோயில் கதீட்ரல் ஆனது. நாற்காலி வந்துடுச்சு இல்லையா!

இந்தச் சாப்ளின்களுக்கும் பிஷப்புகளுக்கும் சம்பளம் எங்கிருந்து வந்தது? இந்திய அரசின் வருவாயிலிருந்து. அதாவது நம்ம பாட்டன் பூட்டன் கட்டிய வரியிலிருந்து. இந்து, முஸ்லிம், மீனவர், விவசாயி எல்லோர் பணமும் அதில் உண்டு. 1927-இல் லண்டனில் சட்டம் போட்டு, 1930 மார்ச்சில்தான் இந்திய ஆங்கிலிக்கன் சபை இங்கிலாந்து சபையிலிருந்து சட்டப்படி பிரிந்தது.

மிஷனரிகள் தனி. அவர்களுக்குச் சம்பளம் மிஷன் சங்கங்களிடமிருந்து. சனங்கள் அவர்களை ‘ஐயர்’ என்றார்கள். போப்பையர், கால்டுவெல் ஐயர். மெரினாவில் சிலையாக நிற்கும் கால்டுவெல் 1838-இல் மெட்ராஸ் வந்தார். பிஷப் ஆனது 1877-இல், அதுவும் தனக்கென்று பேராயம் இல்லாத உதவி பிஷப்பாக. திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் எழுதியவருக்கே ஏணி அவ்வளவு மெதுவாகத்தான் நகர்ந்தது.

அப்போ இந்தியக் குருமார்கள்? ஏணியின் அடியில். மிஷனரி மேலே, இவர் கீழே. இதை 1910-இல் எடின்பரோவில் நடந்த உலக மிஷனரி மாநாட்டில் ஒரு தமிழர் எழுந்து வெளிப்படையாகப் பேசினார். வெள்ளநாயக்கன்பட்டியோ லண்டனோ இல்லை, திருநெல்வேலிச் சீமையின் வெள்ளாளன்விளையில் பிறந்த வே.ச.அசரியா. எங்களுக்காக எவ்வளவோ தியாகம் செய்கிறீர்கள், ஆனால் எங்களை நண்பர்களாக நடத்தமாட்டேன் என்கிறீர்களே என்பதுதான் அவர் பேச்சின் சாரம். மாநாட்டில் பலருக்கு அது பிடிக்கவில்லை.

அவருக்குப் பின்னால் நின்றவர் மெட்ராஸ் பிஷப் ஹென்றி வைட்ஹெட். தத்துவஞானி ஆல்ஃபிரட் நார்த் வைட்ஹெட்டின் அண்ணன். தென்னிந்திய கிராம தேவதைகளைப் பற்றிப் புத்தகம் எழுதியவர். எதிர்ப்புகளை மீறி 1912 டிசம்பர் 29 அன்று கல்கத்தா கதீட்ரலில் அசரியா பிஷப் ஆனார். ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்திய பிஷப். ஆனால் மெட்ராஸ் நாற்காலியில் இல்லை. தெலுங்குப் பகுதியில் தோர்ணக்கல் என்ற புதுப் பேராயத்தில். அங்கே அவர் கட்டிய கதீட்ரல் 1939-இல் திறக்கப்பட்டது. இந்துக் கோயில், மசூதி, தேவாலயம் மூன்றின் கட்டட பாணியும் அதில் கலந்திருக்கும். 1945 புத்தாண்டு தினத்தில் இறந்தார்.

1947-க்குப் பிறகு

சுதந்திரம் வந்து ஆறே வாரத்தில், 1947 செப்டம்பர் 27 அன்று, அதே புனித ஜார்ஜ் கதீட்ரலில் தென்னிந்தியத் திருச்சபை, நாம சி.எஸ்.ஐ. என்று சொல்வது, பிறந்தது. ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரெஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் என்று பல மரபுகளைச் சேர்ந்தவர்கள் ஒன்றானார்கள். இங்கே பேராயரை ராஜா நியமிப்பதில்லை. பேராயக் கவுன்சில் ஓட்டுப்போட்டுப் பெயர்களை அனுப்பும், சினாட் முடிவு செய்யும். ஓட்டு வந்த இடத்தில் கட்சி கட்டுவதும் கோர்ட் கேஸும் வந்தது. அது வேறு கதை, இன்னொரு எபிசோடுக்கு வைச்சுக்குவோம்.

ஒரு விஷயத்தில் மட்டும் சென்னை லண்டனை முந்தியது. சி.எஸ்.ஐ. 1976-இல் பெண்களுக்குக் குருப்பட்டம் கொடுத்தது. இங்கிலாந்து திருச்சபை 1994-இல்தான் கொடுத்தது. 2013-இல் ஆந்திராவின் நந்தியால் பேராயத்தில் எக்கோணி புஷ்பலலிதா பேராயர் ஆனார். இங்கிலாந்தின் முதல் பெண் பிஷப் லிபி லேன் 2015 ஜனவரியில். பூட்டிய கோயிலில் அன்னி யாருமில்லாமல் பேசினாரே, அந்த பீடத்தில் ஒரு பெண் குருவாக ஏற அந்த ஊரில் இன்னும் 120 வருஷம் ஆயிற்று.

அன்று பேராயர் பட்டம் பெற்றவர்களில் லெஸ்லி நியூபிகின் என்ற 37 வயது ஸ்காட்லாந்து சபைக் குருவும் ஒருவர். முதலில் மதுரை, பிறகு 1965 முதல் 1974 வரை மெட்ராஸ் பேராயர். ஓய்வு பெற்றதும் அவரும் மனைவி ஹெலனும் என்ன செய்தார்கள் தெரியுமா? இரண்டு பெட்டி, ஒரு முதுகுப்பை. கிடைத்த பஸ்களில் ஏறி இறங்கித் தரைவழியாகவே இங்கிலாந்து போய்ச் சேர்ந்தார்கள். அங்கே பர்மிங்ஹாமில் ஜெயிலுக்கு எதிரில் இருந்த, மூடப்போகிறார்கள் என்ற நிலையில் கிடந்த ஒரு சின்னச் சபையை எழுபது வயதில் எடுத்து நடத்தினார். பேராயராக இருந்தவர் பங்குகுருவாக இறங்கியது. ஏணியில் இறங்கவும் முடியும் என்று காட்டியவர்.

வீட்டுச் சாவி

இன்றைக்கு இங்கிலாந்தில் கதீட்ரல் வேலைகளுக்கு விளம்பரம் வருது, இன்டர்வியூ நடக்குது. பழைய ஃப்ரீஹோல்டுக்குப் பதில் 2011-இல் ‘காமன் டென்யூர்’ என்ற புது முறை வந்தது. ஓய்வு வயது 70. வீடு மட்டும் இன்னும் பதவியோடுதான் வருகிறது. பெரிய, பழைய, அழகான வீடு. வேலை போனால் வீடும் போகும். ஓய்வு பெறும் நாளில் பல குருமார்களுக்கு முதல் கவலை, இனி எங்கே குடியிருப்பது என்பதே.

அதே 2011 அக்டோபரில் ஒரு பரீட்சை வந்தது. பணக்காரர்களின் பேராசையை எதிர்த்து லண்டன் புனித பவுல் கதீட்ரல் வாசலில் இளைஞர்கள் கூடாரம் போட்டு உட்கார்ந்தார்கள். ஆக்குபை இயக்கம். பக்கத்திலேயே பங்குச் சந்தை, வங்கிகள். கதீட்ரலுக்குள் வாக்குவாதம்: போலீஸை வைத்துக் காலி செய்வதா, விடுவதா? அங்கே கேனனாக இருந்த ஜைல்ஸ் ஃப்ரேசர், சபையின் பெயரால் வன்முறை நடப்பதை ஏற்கமாட்டேன் என்று சொல்லி அக்டோபர் 27 அன்று ராஜினாமா செய்தார். நான்கு நாள் கழித்து டீன் கிரேம் நோல்ஸும் பதவி விலகினார். ஃப்ரேசருக்குக் கதீட்ரல் பக்கத்திலேயே ஆமென் கோர்ட் என்ற இடத்தில் வீடு. மனைவி, குழந்தைகளோடு அதை விட்டு வெளியேறினார். அடுத்த வருஷம் தென் லண்டனில் ஒரு சாதாரணப் பங்குக்குக் குருவாகப் போனார். 2012 பிப்ரவரியில் கூடாரங்கள் அகற்றப்பட்டன.

இதை ஏன் இந்தக் குப்பத்துல உட்கார்ந்து சொல்றேன்? இங்கே வீடுன்னு பேச்சு எடுத்தா அடுத்த வார்த்தை பட்டா. கடலுக்குப் போறவங்களுக்குக் காலுக்குக் கீழ இருக்கிற மண் யார் பேர்ல இருக்குங்கிறது தினசரிக் கேள்வி. மீட்டிங்கில் யார் எழுந்து பேசுவாங்க, யார் பேசாம தலையை ஆட்டுவாங்கன்னு பார்த்தா, அதுக்கும் வீட்டுக்கும் ஒரு தொடர்பு இருக்கும். இதைக் கேட்கிற உங்களில் பலருக்குப் பட்டா பிரச்சினை இருக்காது. ஆனா ஈ.எம்.ஐ. இருக்கும். கம்பெனி கொடுத்த விசா இருக்கும். ரெயில்வே குவார்ட்டர்ஸில் வளர்ந்தவங்களுக்கு அப்பாவோட ரிட்டயர்மென்ட் தேதிதான் வீடு காலி பண்ற தேதியும். அன்னியும் ஃப்ரேசரும் நின்ற இடம் உங்களுக்குத் தூரம் இல்லை.

ஒரு வேலையை எடைபோடும்போது சம்பளம் எவ்வளவுன்னு கேட்கிறோம். பேசினா எதெது போகும்னு ஒரு பட்டியலும் போட்டுப் பார்க்கலாம். அந்தப் பட்டியல் தெரியாம துணிஞ்சவங்களைக் கோழைன்னோ வீரர்னோ தீர்ப்பு சொல்றது சுலபம்.

நேரம் கிடைச்சா கதீட்ரல் ரோட்டில் இறங்கி புனித ஜார்ஜ் பேராலயத்துக்குள்ள போய்ப் பாருங்க. அமைதியா இருக்கும். உள்ளே பிஷப் காரியின் பளிங்குச் சிலை இருக்கு. முன்னாடி பேராயரின் நாற்காலியும் இருக்கு. காரியில் தொடங்கி 1930 வரை அதில் உட்கார்ந்தவங்களை அரசாங்கம் அனுப்பியது. 1947-லிருந்து ஓட்டு அனுப்புகிறது. அதில் இதுவரை பெண் யாரும் உட்காரலை. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.